லைசென்ஸ் கிடைக்கும், ஒரு கட்டத்தில் மட்டும் டிக் போடாதீர்கள்

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். எச்-1பி வேலை விசாவில் இருந்த கணவருக்கு வேலை போய்விட்டது. எங்கள் ஐ-94 (இங்கே தங்க அனுமதித்த காலம்) முடிந்து எட்டு மாதம் ஆகிறது. அதோடு இருவர் டிரைவிங் லைசென்ஸும் காலாவதி. பையனை டாக்டரிடம் கூட்டிப்போகவே பயமாக இருக்கிறது. எச்-4ல் (எச்-1பிகாரரின் குடும்பத்துக்கான விசா) வந்த எனக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணே கிடையாது. இனி லைசென்ஸ் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். டெக்சாஸிலிருந்து கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. நியூஜெர்சியில் 2019 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் 2021 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. விசா இல்லாதவருக்கும் 'ஸ்டாண்டர்ட்' லைசென்ஸ் உண்டு. உள்நாட்டு விமானப் பயணத்துக்கும் செல்லும் 'ரியல் ஐடி' அட்டை மட்டும் கிடையாது. குடிமக்கள் பலர் கையிலும் இதே அட்டைதான் என்பதால், அதைப் பார்த்து உங்கள் நிலையைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இதைக் காட்டி விமானம் ஏறலாம் என்று நினைக்காதீர்கள்.

காலாவதியாகாத இந்தியப் பாஸ்போர்ட், வீட்டு முகவரிக்கான சான்று இரண்டும் முக்கியம். கணவர் தன் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையே தர வேண்டும். 'எண் இல்லை என்று எழுதிக் கொடு' என யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது பொய் உறுதிமொழி. உங்களுக்கு ஐடிஐஎன் (வரி கட்டுவதற்கான எண்) இருந்தால் அது போதும். இல்லாவிட்டால்தான் அந்த உறுதிமொழிப் படிவம்.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. லைசென்ஸ் வேலையோடு வேலையாக வாக்காளர் பதிவும் நடக்கும். 'அமெரிக்கக் குடிமகனா' என்ற கேள்வி வரும். கவுன்டரில் அவசரப்படுத்துவார்கள், புரியாமல் 'ஆம்' என்று தொட்டுவிட்டால், குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்ன கணக்கு. பின்னாளில் கிரீன் கார்டுக்கு அது ஆயுள் தடையாகலாம். மன்னிப்பு ஏறக்குறைய இல்லை. ஒவ்வொரு திரையையும் நிதானமாகப் படியுங்கள்.

பிடித்துக் கொடுப்பார்களோ என்ற பயத்துக்கு: நீதிபதியின் வாரண்ட்டோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் உங்கள் விவரங்களைக் குடியேற்றத் துறைக்குத் தர மாநிலச் சட்டம் அனுமதிக்கவில்லை. அதற்காக முழு உத்தரவாதம் என்று நான் சொல்ல மாட்டேன். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி மாட்டினால் 500 டாலர் வரை அபராதம், கோர்ட் வேறு. அந்த ஆபத்துதான் பெரிது.

லைசென்ஸ் உங்கள் விசா நிலையைச் சரிசெய்யாது. 180 நாள் தாண்டிவிட்டதால் இப்போது வெளியேறினாலே திரும்பி வர மூன்று வருடத் தடை. ஒரு வருடம் தாண்டினால் பத்து வருடம். கையில் நான்கு மாதம் இருக்கிறது. லைசென்ஸுக்கு அப்பாயின்ட்மென்ட் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.