முதல் முழு மாரத்தானை ஓடி முடிக்கப்போகும் மனைவிக்கு எப்படிக் கொண்டாட்டம் வைக்கலாம்?

ஜனவரியில் சென்னையில் மனைவி 42.195 கிலோமீட்டர் ஓடி முடித்ததும் நேராக ஓட்டலில் பிரியாணி, மாலையில் வீட்டில் உறவினர்கள் சூழ கேக், அன்றிரவே காரில் பழனி என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள். மூன்றுமே நல்ல யோசனைகள்தான், நாள் மட்டும் மாற வேண்டும். மூன்றையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போடுங்கள்.

இதற்கு முக்கியமான காரணம் பாதுகாப்பு. முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் தலை சுற்றினால் ஓட்டத்தை விட்டு விலகும் தெளிவு அவருக்கு இருக்க வேண்டும். வீட்டில் நாற்பது பேர் கேக்கோடு காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அந்தத் தெளிவைக் கெடுத்துவிடும். முன்கூட்டியே ஊரைக் கூட்டாதீர்கள்.

ஓட்டம் முடியும் இடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது வேறு. கோட்டைத் தாண்டியதும் அவர் சட்டென்று நிற்கவோ உட்காரவோ கூடாது. ஓடும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. கால் நின்றதும் அது நின்றுவிடும். விரிந்த ரத்தக்குழாய்களில் ரத்தம் தேங்கி, அழுத்தம் இறங்கி, பதக்கம் வாங்கும் வரிசையிலேயே பலர் சரிந்து விழுவது இதனால்தான். பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடக்கச் சொல்லி வையுங்கள். மயக்கம் வருவதுபோல் இருந்தால் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

தெளியாமல் பேச்சு குழறினாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ மருத்துவக் கூடாரத்துக்கு உடனே கூட்டிப் போங்கள். அந்த நிலையில் தண்ணீர் கொடுக்காதீர்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியம் குறைந்ததாலும் இப்படி ஆகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம் அது அதிகம் காணப்பட்டது. தாகத்துக்குத் தக்கபடி குடித்தால் போதும். ஓ.ஆர்.எஸ். கொண்டுபோவதானால் ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரிலேயே கரையுங்கள். அவசரத்தில் ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பும் சர்க்கரையும் அடர்த்தியாகிக் குமட்டும்.

சந்திக்கும் இடத்தை முதல் நாளே பேசி வையுங்கள். பதக்கம், சிற்றுண்டி, பை வாங்கும் இடம் எல்லாம் தாண்டி வெளியே வர அவருக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். கூட்டத்தில் செல்போன் சிக்னலும் திணறும். உங்கள் கையில் உலர்ந்த சட்டை, துண்டு, தளர்வான செருப்பு இருக்கட்டும். வீங்கிய காலில் ஷூ கடிக்கும், செருப்புதான் அப்போது பெரிய பரிசு.

புகைப்படம் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை. கோட்டைத் தாண்டும்போது குனிந்து கைக்கடிகாரத்தை நிறுத்தினால் படத்தில் உச்சந்தலைதான் விழும். கடிகாரத்தைப் பத்து விநாடி கழித்து நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது. சரியான நேரம் ஓட்டக்காரர் அணியும் நேரம் குறிக்கும் மின்னணுச் சிப்பில் பதிவாகிவிடும். ஓட்ட எண் வயிற்றுக்கு முன்னால் மடங்காமல் தெரிய வேண்டும், படங்களை அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். கடைசி அடியில் எம்பிக் குதிக்க ஆசை வரும். சோர்ந்த கெண்டைக்கால் அங்கேயே பிடித்துக்கொள்ளும், கையை உயர்த்தினால் போதும்.

சாப்பாடு: நீண்ட ஓட்டம் முடிந்ததும் பலருக்குப் பசியே இருக்காது. ஓடும்போது குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்திருப்பதால் நெய்யும் மசாலாவும் ஒத்துக்கொள்ளாது, அதனால்தான் பிரியாணி வேண்டாம் என்கிறேன். முதலில் வாழைப்பழம், சற்றுக் கழித்து இட்லி, மதியம் ஊறுகாயோடு தயிர்சாதம். மாவுச்சத்து, உப்பு, நீர் மூன்றும் அதிலேயே வந்துவிடுகின்றன. இதைவிடப் பொருத்தமான சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. தசைக்கு 20 கிராம் போலப் புரதம் வேண்டும், மூன்று முட்டை ஏறக்குறைய அதைத் தந்துவிடும்.

கால் வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் அன்று வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அழுத்தித் தேய்த்து எண்ணெய்க் குளியல் போடுவதும் இரண்டு மூன்று நாள் பொறுக்கட்டும். அன்றைக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துத் தூங்கவிடுங்கள்.

பழனிக்கு வருவோம். தசைவலி அன்றைக்கு உச்சத்தைத் தொடாது. இரண்டாம், மூன்றாம் நாள்தான் கடுமையாக இருக்கும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை, இறங்கும்போது நீண்டபடியே சுமை தாங்க வேண்டிய தொடைத்தசைதான் ஓட்டத்தில் அதிகம் கிழிபட்டிருக்கும். ஒரு வாரம் கழித்துப் படியேறிவிட்டு, இறங்க விஞ்ச் பிடியுங்கள். வழியில் மணிக்கொரு முறை காரை நிறுத்தி நடக்கவிடுங்கள்.

கேக்கும் தள்ளிப்போவதில் ஒரு லாபம் உண்டு. அதற்குள் இறுதி நேரம் இணையத்தில் உறுதியாகியிருக்கும். முடிவுப் பட்டியலில் இரண்டு நேரங்கள் இருக்கும்: துப்பாக்கி வெடித்ததிலிருந்து கணக்கிட்டது ஒன்று, அவர் தொடக்கக் கோட்டில் சிப்பைப் பதிவுசெய்யும் விரிப்பை மிதித்ததிலிருந்து சிப் கணக்கிட்டது இன்னொன்று. கூட்டத்தின் பின்பகுதியிலிருந்து கிளம்பியவருக்கு இரண்டுக்கும் பல நிமிட வித்தியாசம் வரும். கேக்கில் சிப் நேரத்தை விநாடியோடு எழுதச் சொல்லுங்கள். அந்த விநாடிகள் ஒவ்வொன்றும் அவர் பாடுபட்டுச் சம்பாதித்தவை. வரும் உறவினர்களிடம் "எத்தனையாவதா வந்தே?" என்று கேட்க வேண்டாமென்று மட்டும் சொல்லி வையுங்கள். "எந்த இடத்துல ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டால் போதும், ஒரு மணி நேரம் சொல்வார்.

பதக்கத்தைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். பெரும்பாலான பதக்கங்கள் துத்தநாகக் கலவைமேல் மெல்லிய முலாம் பூசியவை, துலக்கினால் முலாம் போய்விடும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள், வியர்வை ஊறிய நாடாவை மட்டும் சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். பாத்திரக்கடையில் நேராகப் பெயர் வெட்டினாலும் முலாம் உரியும். சிறிய எவர்சில்வர் தகட்டில் பெயரும் நேரமும் வெட்டிப் பின்புறம் ஒட்டுங்கள். ஓட்ட எண் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழையால் ஆனது. இஸ்திரி போட்டால் உருகும், கனமான புத்தகத்துக்கு அடியில் இரண்டு நாள் வைத்தால் சுருக்கம் போய்விடும்.