வயதானால் விரல் நுனியில் தொடு உணர்வு குறையுமா?

குறையும். ஆனால் மரத்துப்போவது வேறு. அதை வயதின் கணக்கில் எழுதி நான் ஒரு வருடத்தை வீணாக்கினேன்.

எனக்கு 61 வயது. போடிநாயக்கனூரில் முப்பது வருடத்துக்கு மேலாக ஏலக்காய் பொறுக்கும் வேலை. இடுக்கித் தோட்டங்களில் பறித்து, ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் காயவைத்து, போடிமெட்டு வழியாக இறங்கி வரும் காய். 8 மி.மீ., 7 மி.மீ. என்று அளவைச் சல்லடை பிரித்துவிடும். வெடித்த காய், விதை இல்லாத காய், தோல் சொரசொரத்த காய் எல்லாம் கைக்குத்தான் தெரியும். முன்பு பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே, தட்டைப் பார்க்காமல், வெடிப்பை விரலால் பிடித்துவிடுவேன். ஐம்பத்தைந்துக்குப் பிறகு மெல்லிய வெடிப்புகள் தப்ப ஆரம்பித்தன.

விரல் நுனித் தோலுக்கு அடியில் லேசான தொடுதலையும் பொருள் நழுவுவதையும் உணர்கிற மெய்ஸ்னர் நுண்ணுடலங்கள் இருக்கின்றன. வயது ஏற ஏற இவற்றின் எண்ணிக்கை குறைகிறது. தோலும் உலர்ந்து வழுக்குகிறது. வயதானவர்கள் டம்ளரைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிப்பது இதனால்தான்.

வீட்டிலேயே பார்க்கலாம். கொண்டை ஊசியின் இரண்டு முனையையும் நெருக்கி, கண்ணை மூடியவரின் விரல் நுனியில் மெதுவாக வையுங்கள். இளம் வயதில் 2, 3 மி.மீ. இடைவெளியிலேயே இரண்டு முனை என்று தெரிந்துவிடும். என் பேத்தி 2-இல் சொன்னாள். எனக்கு 4 தாண்ட வேண்டியிருந்தது. ஆனால் பிரெய்ல் வாசிக்கும் பார்வையற்றவர்களுக்கு முதுமையிலும் இந்தக் கூர்மை பெரிதாகக் குறைவதில்லை என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது.

சரி, அந்த ஒரு வருடம். ராத்திரியில் வலது கை பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்து, எறும்பு ஊர்வது போல இருக்கும். கையை உதறினால் சரியாகும். வயசாச்சு என்று விட்டுவிட்டேன். கடைசியில் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சுண்டு விரல் மரக்குதா?" இல்லை. மணிக்கட்டுக்குள் போகிற நரம்பு அழுந்துகிறது, அந்த நரம்பு சுண்டு விரலுக்குப் போகாது என்றார். வருடக்கணக்காக மணிக்கட்டை மடக்கியே பொறுக்கிய கை. ராத்திரியில் மணிக்கட்டு மடங்காதபடி பட்டை கட்டித் தூங்கினேன், சில மாதத்தில் அடங்கியது. அப்புறம் சர்க்கரையும் வைட்டமின் பி12-ம் பரிசோதிக்கச் சொன்னார். சர்க்கரையால் வரும் மரப்பு பெரும்பாலும் பாதத்தில் தொடங்கித்தான் கைக்கு வருமாம்.

வயதால் வரும் மாற்றம் பல வருடமாக, இரண்டு கையிலும், சத்தமில்லாமல் வரும். ஒரு கையில் மட்டும் வந்தாலோ, ராத்திரி எழுப்பினாலோ, பொருள் கை தவறி விழுந்தாலோ காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

இப்போதும் பொறுக்கத்தான் போகிறேன். விதையில்லாத காயைக் கை கண்டுபிடித்துவிடுகிறது. வெடிப்புக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.