வீட்டு நாய்க்குக் கட்டாயக் கருத்தடை: மறுக்க முடியுமா?

கேள்வி: ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடையே கடலோரக் கிராமம் எங்களுடையது. வீட்டில் மண்டை என்ற நாட்டு இனத்தில் எட்டு மாத நாய்க் கடுவன் ஒன்றும், நான்கு வயது சிப்பிப்பாறைப் பெட்டை ஒன்றும் உள்ளன. பெட்டை இரண்டு ஈத்து போட்டிருக்கிறது. இரண்டாம் ஈத்தில் ஐந்து குட்டிகளை விலைக்குக் கொடுத்தேன். நாய்கள் கருவாட்டுக் களத்தில் வாய் வைக்கின்றன, கரையில் ஆமை முட்டையைத் தோண்டுகின்றன என்று ஊரில் பேச்சு. வளர்ப்பு நாய் அனைத்துக்கும் 15 நாளில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று ஊராட்சி அலுவலகப் பலகையில் தாள் ஒட்டியிருக்கிறார்கள். செய்யாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம், நாயை வண்டியில் பிடித்துப் போவோம் என்று ஊர்க் கமிட்டி மைக்கில் சொல்கிறது. எனக்கு விருப்பமில்லை. மறுக்கலாமா?

பதில்: மறுக்கலாம். ஆனால் நாயைக் கட்டி வைத்துவிட்டு மறுக்க வேண்டும். அவிழ்த்துவிட்டு மறுத்தால் கையில் இருக்கும் நல்ல வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தரப்பு கலந்து கிடக்கிறது. தாள் ஒட்டியது கிராம ஊராட்சி. அபராதம் சொன்னது ஊர்க் கமிட்டி. கமிட்டிக்கு அபராதம் விதிக்கவோ நாயைப் பிடிக்கவோ எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. கமிட்டி ஆட்கள் உங்கள் நாயைத் தூக்கிப் போனால் அது திருட்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 303. விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது, பயனற்றதாக்குவது ஆகியவற்றுக்குப் பிரிவு 325-இல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. உங்கள் சம்மதமில்லாமல் இனவிருத்தி நாய்க்குக் கருத்தடை செய்வது ‘பயனற்றதாக்குவது’ என்று வாதிடவும் இடமிருக்கிறது. ‘எங்கள் ஊர் வழக்கம்’ என்பது காவல் நிலையத்தில் பதிலாகாது.

ஊராட்சி வேறு கதை. அதற்குச் சட்டப்படி அதிகாரங்கள் உண்டு. ஆகவே தாளில் யார் கையெழுத்து, எந்தத் தீர்மான எண், எந்தச் சட்டப் பிரிவு என்று முதலில் பாருங்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பதவி முடிந்தவர் கையெழுத்தோ, கையெழுத்தே இல்லாத வட்ட முத்திரையோ இருந்தால் அந்தத் தாள் வெறும் தாள்தான். முறையான கையெழுத்து இருந்தாலும் கேள்வி தீரவில்லை: அபராதம் விதிக்கும் அதிகாரத்தைச் சட்டமோ, ஊராட்சி இயற்றி உரிய ஒப்புதல் பெற்ற துணை விதியோ தர வேண்டும். பலகையில் ஒட்டிய நோட்டீஸ் துணை விதி ஆகாது.

அவர்கள் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: 2023 மார்ச் 10-இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள். 2001-இன் விதிகளுக்குப் பதிலாக வந்தவை இவை. வளர்ப்பு விலங்குக்குக் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு என்று அதில் ஒரு வரி இருக்கிறது. எதிர்த் தரப்பு வக்கீல் அந்த வரியைத்தான் பிடித்துத் தொங்குவார். உங்கள் பதில் இப்படி அமைய வேண்டும். அந்த வரி, தெருநாய்க்குச் செலவழிக்கும் உள்ளாட்சி அமைப்பு வீட்டு நாய்க்கும் செலவழிக்கத் தேவையில்லை என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கிறது. அதில் கெடு இல்லை, அபராதம் இல்லை, பிடித்துச் செல்லும் அதிகாரமும் இல்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரி 26-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் வளர்ப்பு நாய்க் கருத்தடை பரிந்துரையாகத்தான் வருகிறது. இன்னொன்று, என் கணக்கில் இதுவே பலமான வாதம்: 2017-இன் நாய் இனவிருத்தி மற்றும் விற்பனை விதிகள் பதிவு செய்து குட்டி எடுக்க அனுமதிக்கின்றன. எல்லா வளர்ப்பு நாய்க்கும் கருத்தடை கட்டாயம் என்றால் அந்த விதிகள் எந்த நாய்க்கு?

தீர்ப்பும் ஒன்று உண்டு. 2024 மார்ச் 12-இல் மத்திய கால்நடைத் துறை, மூர்க்கமானவை என்று 23 நாய் இனங்களின் இறக்குமதி, விற்பனை, இனவிருத்தியைத் தடுக்கவும், ஏற்கெனவே வீட்டில் உள்ளவற்றுக்குக் கருத்தடை செய்யவும் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்டது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அதை ரத்து செய்தது. மத்திய அரசே ஊரைக் கேட்காமல் செய்ய முடியாததை ஊராட்சி செய்ய முடியுமா என்று கேட்கலாம். அந்தத் தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம், அவ்வளவே. மண்டையும் சிப்பிப்பாறையும் அந்த 23-இல் இல்லை என்பதையும் மனுவில் ஒரு வரி சேருங்கள்.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல் போட்ட நாய் உத்தரவை யாராவது நீட்டினால் கலங்க வேண்டாம். அது தெருநாய்களைப் பற்றியது.

ஒரு வாதத்தை மட்டும் எடுக்காதீர்கள்: கருத்தடை மிருகவதை என்பது. 1960-இன் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் பிரிவு 11(3), விதிப்படி செய்யும் விதையடிப்பை வதைக் கணக்கிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நீதிபதி அந்தப் பக்கத்தைத் திறந்தால் உங்கள் நல்ல வாதங்களும் சேர்ந்து கரையும்.

மருத்துவக் காரணம் இருந்தால் அது தனி பலம். பெரிய உடம்பு நாய்க்கு வளர்ச்சி முடியுமுன் கருத்தடை செய்தால் மூட்டுக் கோளாறு கூடுகிறது என்று சில இனங்களில் ஆய்வுகள் உண்டு. உங்கள் கடுவனுக்கு எட்டு மாதம்தான். சிப்பிப்பாறை போன்ற கொழுப்பில்லாத வேட்டை நாய் தயோபென்டோன் வகை மயக்க மருந்திலிருந்து மெதுவாகத்தான் தெளியும். உண்ணிக் காய்ச்சல் இருந்தால் ரத்தத் தட்டணு குறைந்து அறுவையில் ரத்தம் நிற்காது. ஆகவே பதிவு பெற்ற கால்நடை மருத்துவரிடம் வயது, எடை, தட்டணு எண்ணிக்கை, எந்தத் தேதி வரை அறுவை தள்ள வேண்டும் என்பதோடு கடிதம் வாங்குங்கள். ‘நாய் பலவீனமாக உள்ளது’ என்ற ஒற்றை வரிச் சான்று எங்கும் நிற்காது. மருத்துவர் மறுபக்கத்தையும் சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள்: கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயதானபின் கருப்பையில் சீழ் கட்டுவது உயிருக்கு ஆபத்து. இனி குட்டி எடுக்கப் போவதில்லை என்றால் அந்த முடிவை நீங்களாக எடுப்பது வேறு.

இனி உங்கள் பக்கத்து ஓட்டைகள். நீங்கள் ஐந்து குட்டி விற்றதை எழுதிவிட்டீர்கள். குறிப்பிட்ட இன நாயை இனவிருத்திக்கும் விற்பனைக்கும் வைத்திருப்பவர் 2017 விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவும் கூடாது. பதிவில்லாமல் ‘இனவிருத்தி உரிமை’ பேசினால் முதல் குறுக்குக் கேள்வியே அங்குதான் விழும். பதிவு முடியும்வரை பெட்டையை இணை சேர்க்காதீர்கள். சூடு வந்த நாட்களில், சுமார் மூன்று வாரம், உள்ளே அடைத்து வையுங்கள்.

அடுத்தது ஆமை. பங்குனி ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. உங்கள் நாய் முட்டையைத் தோண்டியது என்று யாராவது செல்போனில் படம் எடுத்துக் கொடுத்தால் வனத்துறை விசாரணை உங்கள் வாசலுக்கு வரலாம். அதே சமயம் இதுதான் நோட்டீஸுக்கு எதிரான எளிய வாதமும்: கருத்தடை செய்த நாயும் முட்டை தோண்டும், கருவாடு தின்னும். அதைத் தடுப்பது சங்கிலி. ஆமை முட்டையிடும் காலத்தில், அதிலும் இரவில், நாய் கரைக்குப் போகவே கூடாது. அவிழ்த்துவிட்ட நாய் கடித்தால் நியாய சன்ஹிதா பிரிவு 291-இல் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆபத்தான விலங்கை அடைத்து வைக்கவோ அகற்றவோ, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152-இல் நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். ஊராட்சி இந்த வழியைப் பிடித்தால் கருத்தடை வாதம் எதுவும் உதவாது.

செய்ய வேண்டியதைத் தாமதிக்க வேண்டாம். ஒட்டிய தாளைத் தேதி தெரியப் படம் எடுங்கள். நாய்களின் வெறிநாய்த் தடுப்பூசி அட்டையில் இந்த ஆண்டு ஊசி இல்லையென்றால் நாளையே போடுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் எண் இருக்கட்டும். பட்டையில்லாத நாயைத் தெருநாய் என்று வண்டியில் ஏற்றிவிட்டால், அறுவை முடிந்தபின் எந்த நீதிமன்றமும் அதைத் திருப்பித் தர முடியாது. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டுத் தீர்மான நகல், சட்டப் பிரிவு, ஒப்புதல் ஆணை மூன்றையும் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். உங்களுக்கு 15 நாள்தான். அதனால் அதே நாளில் ஆட்சேபக் கடிதமும் போக வேண்டும். இவ்வளவு போதும்:

“(தேதி) அன்று ஒட்டப்பட்ட அறிவிப்பு எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்று குறிப்பிடவில்லை. என் இரண்டு நாய்களும் தடுப்பூசி போடப்பட்டு, வீட்டு எல்லைக்குள் கட்டி வளர்க்கப்படுகின்றன. அட்டை நகலும் படமும் இணைத்துள்ளேன். கருத்தடைக்கு நான் சம்மதிக்கவில்லை. என் எழுத்துப்பூர்வச் சம்மதமின்றி நாய்களைப் பிடிக்கவோ அறுவை செய்யவோ கூடாது. அதிகார ஆவணம் இருந்தால் நகல் தந்து, என் தரப்பைக் கேட்டபின் முடிவெடுக்கவும்.”

தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பி, கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநருக்கும் ஆட்சியருக்கும் நகல் போடுங்கள். தபால் ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் நேரிலும் கொடுத்து மனு எண் வாங்குங்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 202-இன்படி சட்டத்துக்குப் புறம்பான தீர்மானத்தை நிறுத்தவோ ரத்து செய்யவோ ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் அவருக்கு அதிகாரம் உண்டு. பிரிவு எண்ணை மனுவிலேயே எழுதுங்கள். எழுதாத மனு பெரும்பாலும் வந்த வழியே ஒன்றிய அலுவலகத்துக்குத் திரும்பிப் போகும்.

அதற்கும் அசையாமல் பிடிக்க வந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் ரிட் மனு. ‘ஆட்சியரிடம் போனீர்களா’ என்பதுதான் அங்கே முதலில் வரும் கேள்வி. அதற்குத்தான் அந்த மனு எண். நோட்டீஸ் படம், ஒப்புகை, தடுப்பூசி அட்டை, மருத்துவர் கடிதம், இனவிருத்திப் பதிவு விண்ணப்ப நகல் ஆகிய ஐந்தையும் வக்கீலிடம் கொண்டு போங்கள். உங்களைப் போல நாய் வளர்ப்பவர்கள் நாலைந்து பேர் ஊரில் இருப்பார்கள்; அவரவர் பெயரில் தனித்தனி ஆட்சேபம் போடச் சொல்லுங்கள். பொதுக் கையெழுத்து மனுவில் ஒருவர் நாய் தெருவில் திரிந்தால், பழி எல்லார் பெயரிலும் ஏறும்.