‘வொர்க்கிங் டுவர்ட்ஸ்’ தரம் பெற்ற சைல்ட்கேரில் குழந்தையை விடலாமா?

கேள்வி: சிட்னியில் எங்களுக்கு இடம் கிடைத்திருக்கும் ஒரே சைல்ட்கேர், தேசியத் தர மதிப்பீட்டில் ‘வொர்க்கிங் டுவர்ட்ஸ்’, அதாவது தேவையான தரத்தை இன்னும் முழுதாக எட்டவில்லை என்ற நிலையில் இருக்கிறது. பணியாளர்களில் சிலர் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களாம். 14 மாதக் குழந்தையை நம்பி விடலாமா?

மேற்கு சிட்னியில் இதே தரம் பெற்ற ஒரு நிலையத்தில், நீங்கள் சந்தேகத்தோடு குறிப்பிடும் அந்தப் ‘படித்துக்கொண்டிருப்பவர்’களில் ஒருத்தியாக வேலை பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து வந்த அம்மாவின் விசா முடியப்போகிறது, ஒரு சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்ட முடியாது என்ற நெருக்கடியில் நீங்கள் இருப்பதாக எண்ணிக்கொள்கிறேன். எங்களிடம் வரும் தமிழ்ப் பெற்றோரில் பலர் அப்படித்தான் வருகிறார்கள்.

சைல்ட்கேர் நிலையங்களை மதிப்பிட 2012இல் நடைமுறைக்கு வந்த தேசியத் தரநிலை, 2018இல் திருத்தப்பட்ட பிறகு 7 தரப் பகுதிகளையும் 15 தரநிலைகளையும் 40 கூறுகளையும் கொண்டிருக்கிறது. அந்த 40இல் ஒரு கூறு நிறைவேறவில்லை என்றாலும் அது சேர்ந்த பகுதி ‘வொர்க்கிங் டுவர்ட்ஸ்’ ஆகிவிடும். ஒரு பகுதி அப்படி ஆனால் மொத்த நிலையத்துக்கும் அதே தரம்தான். குழந்தைகளின் பாதுகாப்புக்கே ஆபத்து என்று கண்டால் கொடுப்பதற்கு வேறொரு தரம் தனியாக இருக்கிறது. வாசலில் மாட்டியிருக்கும் சான்றிதழில் ஒவ்வொரு பகுதியின் தரமும் எழுதப்பட்டிருந்தும், பெற்றோர் பலர் மொத்தத் தரத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள்.

எங்கள் நிலையத்துக்கு மதிப்பீட்டு அலுவலர் வந்த நாளில் நான் கைக்குழந்தைகள் அறையில் இருந்தேன். ஏழு மாதக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்து விட்ட தமிழ்ப் பாட்டி, தூளியில் தூங்கிப் பழகிய பிள்ளை என்பதால் கவிழ்த்துப் போட்டுத் தட்டினால்தான் தூங்கும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் குழந்தையை மடியில் வைத்துத் தூளி ஆடும் வேகத்தில் மெதுவாக ஆட்டி, கண் செருகத் தொடங்கியதும் தொட்டிலில் மல்லாத்திப் படுக்க வைத்து, அழுகை அடங்கும்வரை பக்கத்திலேயே அமர்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். குடும்பத்தினர் கேட்டபடி ஏன் படுக்க வைக்கவில்லை என்று அலுவலர் கேட்டார். கவிழ்ந்து படுக்கும் குழந்தைக்குத் திடீர் மரண அபாயம் கூடுதல் என்பதையும், தானாகப் புரண்டு கவிழ்ந்தால் அது வேறு என்பதையும், மாலையில் பாட்டியிடம் இதைத் தமிழில் விளக்கப்போகிறேன் என்பதையும் சொன்னேன். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அறிக்கையில் உடல்நலமும் பாதுகாப்பும், குழந்தைகளுடனான உறவு ஆகிய இரண்டு பகுதிகளும் தேறியிருந்தன. நிலையம் சறுக்கியது கற்பித்தலைப் பற்றிய முதல் பகுதியில், பணியாளர்கள் தங்கள் கற்பித்தலைத் தாங்களே ஆராய்ந்து பதிவு செய்யும் கூறில். மொத்தத் தரம் ‘வொர்க்கிங் டுவர்ட்ஸ்’ என்றானதும் சில குடும்பங்கள் குழந்தைகளை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டன.

எழுத்து வேலைக்குச் சோம்பல்பட்டு இப்படிப் பேசுகிறாள் என்று கருத்துப் பெட்டியில் எழுதவிருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பதிவு தேவையானதுதான், எங்கள் நிலையம் அதில் பின்தங்கியிருந்ததும் உண்மைதான். அந்தக் குறையையும் குழந்தையின் பாதுகாப்பில் ஏற்படும் குறையையும் ஒன்றாக எண்ண வேண்டாம் என்பது மட்டுமே என் வாதம்.

குழந்தையை எப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்ற அறிவு எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பணம் கட்டிச் சேர்ந்த தனியார் கல்லூரியில், பாதுகாப்பான தூக்கம் என்பது கணினியில் சரியான விடையைச் சொடுக்கும் ஒரு பக்கத்தோடு முடிந்துவிட்டது. இந்த வேலைக்கான அடிப்படைத் தகுதியான சர்டிபிகேட் 3 பெறக் குறைந்தது 160 மணி நேரம் நிலையத்தில் பணியாற்ற வேண்டும் என்பது விதி. அந்த மணிகளில் நான் என்ன கற்றேன் என்று கல்லூரியிலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை. படிவத்தில் கையெழுத்து மட்டும் தவறாமல் விழுந்தது. ஒழுங்கான பயிற்சி தராத இத்தகைய நிறுவனங்கள் சிலவற்றின் சான்றிதழ்களைப் பயிற்சி நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையமே அண்மையில் ஆயிரக்கணக்கில் செல்லாததாக்கியபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. எனக்கு உண்மையில் கற்றுத்தந்தவர் டிப்ளமா முடித்த எங்கள் ரூம் லீடர், அதாவது அறைப் பொறுப்பாளர். 2024 டிசம்பரில் அரசு மானியத்தில் 10 சதவீத ஊதிய உயர்வு வருவதற்கு முன்பே, இந்தச் சம்பளத்தில் வாடகை கட்ட முடியவில்லை என்று அவர் பள்ளி வேலைக்குப் போய்விட்டார். அவருக்குப் பிறகு வந்த பயிற்சி மாணவிகளுக்கு அந்த அறையில் சொல்லித்தர ஆளில்லை.

ஆகவே, படித்துக்கொண்டிருப்பவர் இருக்கிறாரே என்று அஞ்சாமல், அவருக்குச் சொல்லித்தருபவர் அந்த அறையில் எவ்வளவு காலமாக இருக்கிறார் என்று கேளுங்கள். 24 மாதத்துக்கு உட்பட்ட 4 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தில் படிப்பவரையும் கணக்கில் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்த விகிதம் அறைக்கு அறை கணக்கிடப்படாமல் நிலையம் முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது என்பது. பணியாளர்கள் மாறி மாறி மதிய உணவுக்குப் போகும் நேரத்தில் நேரில் சென்று, கைக்குழந்தைகள் அறையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு பகுதியின் தரமும் மதிப்பீடு நடந்த ஆண்டும் ‘ஸ்டார்டிங் பிளாக்ஸ்’ அரசுத் தளத்தில் கிடைக்கும். குறை இரண்டாம் பகுதியில், அதாவது உடல்நலத்திலும் பாதுகாப்பிலும் இருந்தால் நானே என் குழந்தையை அங்கே விடமாட்டேன். முதல் பகுதியில் மட்டும் என்றால், அறையைப் பார்த்த பிறகு மனம் ஒப்பினால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.