நிறத்தை அல்ல, நாள்கணக்கைப் பாருங்கள்

கேள்வி: இரண்டு வாரங்களுக்கு முன் வந்த ஜலதோஷம் ஓரளவு குறைந்து, இப்போது மீண்டும் அதிகமாகிவிட்டது. மூக்கிலிருந்து மஞ்சளாகக் கெட்டிச் சளி வருகிறது. குனிந்தால் வலது கன்னம் கனத்து வலிக்கிறது; அந்தப் பக்கத்து மேல் கடைவாய்ப் பல்லும் வலிக்கிறது. இது சைனஸ் தொற்றா? வீட்டில் மீதமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளைச் சாப்பிடலாமா?

பதில்: சைனஸ் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நான் அப்படிக் கருதுவது சளியின் நிறத்தால் அன்று, குறைந்த நோய் மீண்டும் கூடியிருப்பதால்தான். கிருமியை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்களாலேயே சளி மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறுகிறது. சாதாரண வைரஸ் ஜலதோஷத்திலும் இது நேரும். பத்து நாட்களாகியும் சற்றும் குறையாமல் நீடிப்பது, குறைந்தபின் மீண்டும் மோசமாவது, தொடக்கத்திலேயே 102 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சலும், அதனுடன் முகவலியோ கெட்டிச் சளியோ மூன்று நான்கு நாட்கள் தொடர்வது ஆகியவற்றுள் ஒன்று இருந்தால்தான் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும்.

கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையின் வாய் அதன் மேற்பகுதியில் அமைந்திருக்கிறது. ஜலதோஷத்திலோ ஒவ்வாமையிலோ மூக்கின் உட்சவ்வு வீங்கி அந்தச் சிறு வாயை அடைத்துவிட்டால், சளி வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அங்கேதான் கிருமிகள் பெருகுகின்றன. மூக்கின் நடுத்தண்டு வளைந்திருப்பதும், உள்ளே சதை வளர்ந்திருப்பதும், புகைப்பழக்கமும் இந்த அடைப்புக்கு இடம் கொடுக்கும். அறிகுறிகள் பன்னிரண்டு வாரங்களைத் தாண்டினால் அது நாள்பட்ட சைனஸ். அப்போது இக்காரணங்களைத் தேடியே ஆக வேண்டும்.

உங்கள் பல்வலியை நான் எளிதாக விட்டுவிட மாட்டேன். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் சைனஸின் தரையை ஒட்டியிருப்பதால், சைனஸ் வீக்கம் பல்வலியாகத் தெரியலாம். மாறாக, சொத்தைப் பல்லின் வேரில் பிடித்த சீழே சைனஸுக்குள் பரவியும் இருக்கலாம். வலி ஒரே பக்கம் இருந்து, சளியில் துர்நாற்றமும் வீசினால், பல் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் பல்லைச் சரிசெய்யாமல் அந்தத் தொற்று முழுமையாகத் தீராது.

மீதமிருக்கும் மாத்திரைகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்களைப் பரிசோதிக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை, கொதிக்கவைத்து ஆறிய நீரில் தயாரித்த உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவலாம். மூக்கடைப்புச் சொட்டு மருந்தை மட்டும் மூன்று நாட்களுக்கு மேல் தொடராதீர்கள், பிறகு அதுவே அடைப்பை உண்டாக்கும்.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிதல், கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.