டேட்டா சயன்ஸ் இருக்கட்டும், அவள் டவரைப் பார்க்கட்டும்

சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளைப் பற்றி ஒரு தாய் எழுதியிருக்கிறார். 'சிவிலில் என்ன இருக்கிறது? கடன் வாங்கியாவது டேட்டா சயன்ஸில் முதுகலை சேர்த்துவிடு' என்று அவருடைய அண்ணன் வரும்போதெல்லாம் சொல்கிறாராம். மகளோ ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் (ஒரு கட்டமைப்புக்குள் விசைகள் எப்படிப் பாய்கின்றன என்று பார்க்கும்) கணக்கென்றால் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்துவிடுகிறாள்.

பயம் புரிகிறது அம்மா. ஆனால் உங்கள் அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒரு துறையில் வேலை இருப்பது வேறு, அது உங்கள் மகளுக்குக் கிடைப்பது வேறு. கோடிங்கை ஆசையாகத் தொட்டே பார்க்காதவள், அதிலேயே ஊறியவர்களோடு போட்டி போடப் போகிறாள், அதுவும் கடனோடு. இதை எதிர்காலம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

அரசுத் தேர்வு, கட்டுமான கம்பெனி எல்லாம் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள், விடுங்கள். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைப்பது லாட்டிஸ் டவர் டிசைன். உயரழுத்த மின்கம்பிகளைத் தாங்குகிறதே, இரும்பு ஆங்கிள்களை போல்ட் போட்டுக் கோத்த கோபுரம், அதுதான். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக அதைக் கொண்டுவர லைன் வேண்டும், லைனுக்கு டவர் வேண்டும். பழைய செல்போன் டவரில் புது ஆன்டெனா ஏற்றுவதற்கு முன்னாலும், தாங்குமா என்று ஒருவர் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

பி.எல்.எஸ். டவர், ஸ்டாட் புரோ போன்ற மென்பொருளில் கால்கள், அவற்றைக் குறுக்கே இணைக்கும் பிரேசிங் என்று முப்பரிமாண மாடல் கட்டுவார்கள். பிறகு சுமைகள்: சொந்த எடை, கம்பியின் இழுவை, ஒரு பக்கக் கம்பி அறுந்தால் டவரை முறுக்கும் விசை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று. காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு.

ரன் கொடுத்ததும் ஒரு பிரேசிங் சிவப்பாகிறது, அதாவது தேறவில்லை, என்று வையுங்கள். 65×65×6 மி.மீ. ஆங்கிள், தாங்கலில்லாத நீளம் 2.7 மீட்டர். அதன் பலவீனமான அச்சில் ரேடியஸ் ஆஃப் கைரேஷன் (குறுக்குவெட்டு அச்சிலிருந்து எவ்வளவு பரந்திருக்கிறது என்பதன் அளவு) சுமார் 12.6 மி.மீ. நீளத்தை இதனால் வகுத்தால் ஸ்லெண்டர்னெஸ் ரேஷியோ, அதாவது உறுப்பு எவ்வளவு ஒல்லி என்ற எண், 214. அமுக்கம் தாங்கும் பிரேசிங்குக்கு வழக்கமான எல்லை 200. 75×75×6 போட்டால் 185க்கு இறங்கிவிடும், ஆனால் நான்கு முகத்திலும் இரும்பு கூடும், காற்று மோதும் பரப்பும் கூடும். இல்லையென்றால் நடுவில் தாங்கலாக ஒரு ரிடன்டன்ட் (துணை) உறுப்பைச் சேர்த்து 107 ஆக்கலாம். அப்போது அந்தச் சின்ன உறுப்பையும் அதன் போல்ட்டையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். எது நல்லது? மென்பொருள் சொல்லாது. உங்கள் மகள் சொல்ல வேண்டும்.

புதியவர்கள் விழும் குழி ஒன்றும் உண்டு. ஓர் இணைப்பில் சேரும் உறுப்புகளெல்லாம் ஒரே தளத்தில் இருந்து, எல்லாவற்றையும் டிரஸ்ஸாகவே (நீளவாக்கில் மட்டும் விசை தாங்கும் உறுப்பாகவே) கொடுத்தால், அந்தப் புள்ளியைத் தளத்துக்கு வெளியே பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. மென்பொருள் இன்ஸ்டெபிலிட்டி, அதாவது நிலையில்லை, என்று கத்தும். அவசரக்காரர் அங்கே ஒரு சப்போர்ட் போட்டு வாயடைத்துவிடுவார். விசை அந்தப் பொய்ச் சப்போர்ட்டில் இறங்கிவிடும், டவர் திரையில் மட்டும் பலசாலி. (ரியாக்‌ஷன் அட்டவணையை, அதாவது ஒவ்வொரு சப்போர்ட்டும் ஏற்கும் விசையின் பட்டியலை, புரட்டினால் குட்டு வெளிப்படும். புரட்டுபவர்தான் குறைவு.) கணக்கை ரசிக்கிற பிள்ளைக்கு ஏற்ற வேலை என்று நான் சொல்வது இதனால்தான். புது மாதிரி டவரை முழு அளவில் நிறுத்தி, கம்பியால் இழுத்துச் சோதிக்கும் நிலையங்களும் உண்டு. கணக்கு சரியா என்பதை அங்கே இரும்பே காட்டிவிடும்.

செலவு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். 'மென்பொருள் சான்றிதழ்' என்று பெருந்தொகை கேட்பவர்களுக்கு ஒரு காசும் தர வேண்டாம். ஸ்டாட் புரோ, ரோபோட் ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் இரண்டுக்கும் மாணவர்களுக்கு இலவச உரிமம் உண்டு. சின்ன டிரஸ் ஒன்றைக் கையால் போட்டு, மென்பொருளின் விடையோடு ஒப்பிடட்டும். கூடவே ஒரு விதிநூல்: இந்தியாவின் ஐ.எஸ். 802, அமெரிக்காவின் ஏ.எஸ்.சி.இ. 10, ஐரோப்பாவின் ஈ.என். 50341, எந்த நாட்டில் வேலை பார்க்க ஆசையோ அதற்கேற்றது.

ஒரு செமஸ்டர் இப்படிப் போகட்டும். அதற்குள் அலுத்துவிட்டால் விட்டுவிடலாம், அதை அவள்தான் சொல்ல வேண்டும், உங்கள் அண்ணனும் அல்ல, நானும் அல்ல. அதுவரை எந்தக் கடன் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.