காற்றோட்டக் கணக்கு நிலைகொள்ளாமல் அலைவது ஏன்?

கேள்வி: என் சொந்த ஊர் மேலூர். தெலங்கானாவில் ஒரு நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தின் காற்றோட்டப் பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன். 12 பாதைகளும் 8 சந்திகளும் கொண்ட வலையை ஹார்டி கிராஸ் முறைப்படி (ஊகித்த காற்றளவுகளைச் சுற்றுச் சுற்றாகத் திருத்தி விடையை நெருங்கும் முறை) எக்செல்லில் கணக்கிட்டால், விடை கூடியும் குறைந்தும் அலைகிறதே ஒழிய நிலைகொள்வதில்லை. எங்கே பிழை?

பதில்: முறையில் பிழையில்லை. ஹார்டி கிராஸ் 1936-இல் வெளியிட்ட இம்முறையைத்தான் மதுரையில் நாங்கள் குடிநீர்க் குழாய் வலைகளுக்கும் கற்பிக்கிறோம். சுரங்கத்தில் அழுத்த இழப்பு என்பது தடையைக் காற்றளவின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. ஆகவே கணக்கு இன்னும் எளிது.

முதலில் ஒன்றைக் கையால் போட்டுப் பாருங்கள். 0.5, 2.0 எனத் தடையுள்ள, ஒன்றுக்கொன்று இணையான இரு பாதைகளில் மொத்தம் வினாடிக்கு 60 கன மீட்டர் காற்று செல்கிறது. இரண்டிலும் 30 என ஊகித்தால் இழப்பு 450, 1,800 பாஸ்கல் ஆகிறது. வேறுபாடான 1,350-ஐ, தடையையும் காற்றளவையும் பெருக்கி இரட்டித்துக் கூட்டிய 150-ஆல் வகுத்தால் திருத்தம் 9; அளவுகள் 39, 21 ஆகின்றன. அடுத்த சுற்றில் ஏறத்தாழ 0.99. விடை 40, 20 என்று அப்போதே தெரிந்துவிடும்.

உங்கள் தாளும் இதையே தருமானால், என் முதல் ஐயம் கூட்டல், கழித்தல் குறியின் மீதுதான். காற்றளவை வெறுமனே வர்க்கப்படுத்தினால், இரு பாதைகளைக் குறுக்கே இணைக்கும் ஊடுபாதையில் காற்று திசை மாறும்போது எதிர்க்குறி மறைந்து, திருத்தம் தவறான பக்கம் தள்ளும். காற்றளவை அதன் தனி மதிப்பால் (குறி நீக்கிய மதிப்பால்) பெருக்குங்கள். வகுக்கும் தொகையிலும் தனி மதிப்பே வேண்டும்.

எக்செல்லுக்கே உரிய இன்னொரு வில்லங்கமும் உண்டு. எல்லாக் கண்ணிகளின் (வலையிலுள்ள மூடிய சுற்றுகளின்) திருத்தங்களையும் பழைய நிரலிலிருந்தே கணக்கிட்டு ஒரே நேரத்தில் சேர்த்தால், இரு கண்ணிகளுக்குப் பொதுவான பாதை அளவுக்கு மீறித் திருத்தப்பட்டு ஊசலாடக்கூடும். ஒரு கண்ணியைத் திருத்தியவுடன், அந்தப் புதிய அளவுகளைக் கொண்டே அடுத்ததைக் கணக்கிடுங்கள்.

உங்கள் வலைக்கு வேண்டியவை 12 − 8 + 1 = 5 கண்ணிகள். தடை குறைந்த பாதைகளால், எங்கும் சுற்று உருவாகாதபடி, எட்டுச் சந்திகளையும் முதலில் இணைத்துவிட்டு, எஞ்சும் ஐந்து பாதைகளில் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு கண்ணியில் மட்டும் சேருங்கள். கதவும் ஒழுங்குபடுத்தியும் (காற்றைக் கட்டுப்படுத்தும் தடுப்பு) உள்ள உயர்தடைப் பாதைகள் இவ்வாறு தனித்து நின்றாலே கணக்கு விரைந்து ஒடுங்கும். விசிறியின் அழுத்தத்தை மாறா எண்ணாக வைக்காமல், காற்றளவுக்கேற்ப அழுத்தம் மாறுவதைக் காட்டும் அதன் வளைவரையிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக எடுங்கள். இல்லையேல் கணக்கு ஒடுங்கினாலும், விசிறி உண்மையில் இயங்காத புள்ளியில் போய் நிற்கும்.